வாளும் ஆட்சியும்: கான்சாகிபு யூசுப்கான்

தூத்துக்குடி என்றதும் முத்துக்குளிக்கும் பரதவரும், வணிகம் வளர்த்த மரைக்காயரும், கோட்டை கட்டி வாழ்ந்த டச்சுக்காரரும் நம் நினைவுக்கு வருவர். அக்கரையில் டச்சுப் படையை எதிர்த்து நின்ற தமிழ் மண்ணின் தளபதி ஒருவரையும் நாம் நினைத்தல் தகும். அவரே மருதநாயகம் எனும் கான்சாகிபு யூசுப்கான்.

இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்த அவர் இஸ்லாத்தைத் தழுவினார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து, திறமை ஒன்றினாலேயே சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்தார். 1758-59இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, அவர்களின் உணவு வழிகளைத் தாக்கி நிலைகுலையச் செய்தார். 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகையில் அவர் பொறுப்பில் விடப்பட்டன.

1760இல் டச்சுப் படை தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு ஆழ்வார்திருநகரியைப் பிடித்தது. கான்சாகிபு விரைந்து சென்று அதனைப் பின்வாங்கச் செய்தார். உழவையும் நெசவையும் பேணினார். கோயில்களுக்கு மானியம் அளித்தார். எனினும், 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலை வீழ்த்தியதும், பாளையக்காரர்களைக் கடுமையாக ஒடுக்கியதும் அவரே. இதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

பின்னர் ஆற்காட்டு நவாபுக்கும் அவருக்கும் பகை மூண்டது. கம்பெனி நவாபின் பக்கம் நின்றது. கான்சாகிபு மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1763இல் நடந்த முற்றுகை தோற்றது. மறு ஆண்டு மீண்டும் முற்றுகையிடப்பட்ட கோட்டை பசியால் வாடியது. அக்டோபர் 13ஆம் நாள், தொழுகையில் இருந்தவரை உடனிருந்தோரே பிடித்துக் கொடுத்தனர். 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் உள்ளது.

தளபதியை உயர்த்தியவர்களே அவரை அழித்தனர். நவாபோ, கம்பெனியோ, கான்சாகிபோ எவரும் உழவரிடமும் நெசவாளரிடமும் சம்மதம் கேட்டதில்லை. வாளால் வந்த ஆட்சியை வாளே முடித்தது.

அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர் 1952இல் மக்களின் வாக்கைப் பெற்று அதிபரானார். பாகிஸ்தானில் அயூப்கான் 1958இல் படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றினார். நம் அரசியலமைப்போ முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைத்து, அதனைச் சட்டத்திற்கு உட்படுத்தியுள்ளது. கான்சாகிபின் வீரத்தைப் போற்றும் மாணவச் செல்வங்கள் இவ்வேலியின் அருமையையும் உணர்வார்களாக!