கானுயிர்ச் செல்வர் மா. கிருஷ்ணன்

கருவி சிறந்ததாயின் கலையும் தானே சிறக்கும் என்பது உலகோர் பலருடைய எண்ணம். கருவியினும் கண் பெரிது. கண்ணினும் கருத்துப் பெரிது. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் மெய்ப்பித்துக் காட்டிய தமிழர் ஒருவர் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தார். கானுயிர்களைக் கண்டும், அவற்றைப் பற்றி எழுதியும், படம் பிடித்தும் புகழெய்திய மா. கிருஷ்ணனே அவர்.

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை இயற்றித் தமிழ் உரைநடைக்கு வளம் சேர்த்த அ. மாதவையா இவர்தம் தந்தையார். மக்கள் எண்மருள் கிருஷ்ணனே இளையவர். எட்வர்டு எலியட்ஸ் சாலை என்று அந்நாளில் வழங்கிய, இந்நாளைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில் அவர்கள் இல்லம் இருந்தது. தங்கள் ஊரின் பெயரால் அதற்குப் பெருங்குளம் இல்லம் என்று பெயரிட்டிருந்தனர். அக்காலத்து மயிலை இன்று நாம் காணும் மயிலை அன்று. புதரும் தோப்பும் செறிந்த அவ்விடத்திற் பறவைகளையும் சிற்றுயிர்களையும் கண்டு களித்தே சிறுவர் கிருஷ்ணன் வளர்ந்தார்.

1925-இல் தந்தையார் மறைந்தார். அப்பொழுது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. 1927-இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்குத் தாவரவியற் பேராசிரியராயிருந்த பைசன் என்பார் அவருடைய ஆர்வத்தைக் கண்டு, மலைப்பகுதிகளுக்குத் தம்முடன் அழைத்துச் சென்று செடிகொடிகளை இனங்காணக் கற்பித்தார். பேராசிரியரின் துணைவியார் நீர்வண்ண ஓவியம் பயிற்றினார். பின்னர்க் கிருஷ்ணன் சட்டமும் பயின்றார். எனினும் வழக்குமன்றம் அவர் உள்ளத்தை ஈர்க்கவில்லை.

1942-இல் பெல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானத்திற் பணியேற்றார். ஆசிரியர், நீதிபதி, அரசியற் செயலர் எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மலையும் காடுமே அவருக்குப் பள்ளியாயின. 1949-இல் அந்தச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் மயிலாப்பூருக்கு மீண்டார். வேறோர் அரசுப் பணியை நாடியிருப்பின் வளமாக வாழ்ந்திருத்தல் கூடும். அவரோ எழுதுகோலையும் காமிராவையுமே துணையாகக் கொண்டார்.

மாணவர்களே! காமிராவின் இயல்பை இங்குச் சிறிது அறிதல் வேண்டும். 1925-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா, கையடக்கமான காமிராக்களுள் புகழ் பெற்றது. 1932 முதல் அவ்வகைக் காமிராக்களில் தொலைவு காட்டும் அமைப்பும் வில்லையுடன் இணைக்கப்பட்டது. அதன் வழியே நோக்கினால் ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். வில்லையைத் திருக, இரண்டும் ஒன்றாகும். அப்பொழுது படம் தெளிவாக விழும். பரந்த காட்சியைச் சிறு படத்தினுள் அடக்கும் அகலக்கோண வில்லைக்கு இம்முறை மிகப் பொருந்தும். தெருவையும் திருவிழாவையும் எடுப்போர் அத்தகைய வில்லையை மாட்டி, அதற்குரிய காட்சித் துளையை மேலே பொருத்திக்கொண்டு படம் எடுத்தனர்.

ஆனால் காட்டு விலங்கு நம் அருகில் வந்து நில்லாது. எட்ட நிற்கும் யானையை அகலக்கோண வில்லையால் எடுத்தால் அது எறும்புபோலத் தோன்றும். ஆதலின் அங்குத் தொலைவில்லை வேண்டும். அதன் விலையோ மிகுதி. அயல்நாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் அந்நாளில் மிகுந்திருந்தது. கிருஷ்ணன் இதற்குச் சோர்ந்தாரல்லர். ஒருவர் செய்த காமிரா உடலில் வேறொருவர் செய்த தொலைவில்லையைத் தம் கையாலேயே பொருத்தினார். வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையேயுள்ள தொலைவு ஒரு நூலிழை பிசகினும் படம் மங்கும். இணைப்பில் ஓர் ஊசித்துளை இருப்பினும் ஒளி புகுந்து சுருள் பாழாகும். இவ்விடர்களையெல்லாம் வென்று அவர் அமைத்த பெருங்கருவிக்குச் சூப்பர் பாண்டரோசா என்று பெயர். அதன் விந்தை வடிவைக் கண்ட கானுயிர் அறிஞர் இ. பி. ஜீ, வியப்பும் நகையும் தோன்ற அதனைப் பற்றி எழுதினார்.

பளுவான அக்கருவியைச் சுமந்து கிருஷ்ணன் முதுமலை முதலிய காடுகளிற் சுற்றினார். பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து காட்டியானைகளை அணுகினார். யானை அசையும்போது வில்லை அசையும். வில்லை அசைந்தால் படம் கலையும். அடுத்த நொடியிற் காட்டியானை எதிர்த்து வரவும் கூடும். அந்நிலையிலும் கை நடுங்காமல், உற்ற கணத்திற்காகக் காத்திருத்தல் வேண்டும். அவர் விரும்பியவை கறுப்பு வெள்ளைப் படங்களே. விலங்கின் அழகை மட்டுமன்றி, அதன் இயல்பான வாழ்க்கையையும் அவை காட்டின.

1950 முதல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் அவர் இடையறாது எழுதினார். 1968-இல் நேரு நினைவு ஆய்வு நல்கை பெற்றுத் தென்னாட்டுப் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அந்த ஆய்வின் பயன் 1975-இல் நூலாக வெளிவந்தது. பத்மஸ்ரீ விருதும், 1995-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகச் சிறப்பும் அவரை அடைந்தன. அந்நிய மரங்களை நம் காடுகளில் நடுதல் தகாது என்று அவர் இடித்துரைத்தார். வேடந்தாங்கற் பறவைகளின் காப்புக்காகவும் குரல் கொடுத்தார்.

தொண்ணூற்றொன்பது மலர்களைக் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய கபிலரின் நாட்டிற் பிறந்தவர் கிருஷ்ணன். சங்க நூல்கள் காட்டும் உயிரினங்களில் அவர் ஈடுபாடு கொண்டதும், விலங்குகளைப் பற்றித் தமிழிலும் எழுதியதும் இயல்பே.

1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் மறைந்தார். அன்றும் அவருடைய கட்டுரை அவ்விதழில் வெளிவந்திருந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் நீண்ட அப்பணி இறுதிநாள் வரை நின்றிலது.

நல்ல கருவி இல்லையே என்று வருந்திக் காலங்கழிப்போர் பலர். கையிலிருப்பதைக் கொண்டு பெருஞ்செயல் முடிப்போர் சிலர். அச்சிலருள் ஒருவராக வாழ்ந்த கிருஷ்ணனைப்போல, நாமும் நம் வீட்டு முற்றத்து அணிலையும் காக்கையையும் முதலில் உற்றுநோக்கக் கற்போமாக.