பாதி நாள் பள்ளி, பாதி நாள் தறி: காமராஜர் ஏன் வேண்டாம் என்றார்?

ஆரணி பக்கம் முள்ளிப்பட்டு போன்ற ஊர்களில் பட்டு நெய்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பாவு வாங்கி நெய்து கொடுத்தால், சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தார் சுற்ற வீட்டுப் பிள்ளை கூட இருந்தால் சேலை சீக்கிரம் முடியும். அப்போ, பிள்ளை பள்ளிக்கூடம் போனால் வீட்டுக்கு நஷ்டம்தானே? இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவர் காமராஜர்.

கடைக்குப் போன பையன்

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். ஆறு வயதில் அப்பா இறந்துவிட்டார். கொஞ்ச வருஷத்தில் படிப்பும் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக் கஷ்டம் படிப்பை எப்படி நிறுத்தும் என்பது அவர் அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

1953-ல் என்ன நடந்தது?

முதல்வர் ராஜாஜி புதிய தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். தினமும் மூன்று மணி நேரம் வகுப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில். ஷிப்ட் முறையில் நடத்தினால் இருக்கிற பள்ளிகளிலேயே கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். அப்பன் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப்போடும் 'குலக்கல்வி' என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது.

கூலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தொழில் பழகுவது தப்பில்லை. கை பழகினால் வேகம் கூடும், வருமானமும் கூடும். ஆனா ஒரு கட்டத்துக்கு மேல் கை வேகம் ஏறாது. சேலைக்கான கூலியை முடிவு செய்வதும் பெரும்பாலும் நெய்பவர் இல்லை. வேறு வேலைக்குப் போக வழி இருப்பவரால்தான் கட்டுப்படியாகாத கூலியை வேண்டாம் என்று சொல்ல முடியும். அந்த வழியைத் திறப்பது படிப்பு.

ஆனால் அதன் பலன் வர வருஷங்கள் ஆகும். பிள்ளை பள்ளிக்குப் போனால் வேலை குறைவது இன்றைக்கே. அந்த இழப்பில் ஒரு பங்கையாவது அரசு ஏற்க வேண்டும். 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் அதைத்தான் செய்தது. வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். பிறகு இலவசச் சீருடையும் வந்தது.

இன்னொரு பக்கம் 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. அங்கே வரைபடம் படிக்க, அளவு பார்க்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். படித்தவருக்கு வேலையும் வேண்டுமே!

1963-ல் முதல்வர் பதவியை விட்டு விலகினார். 1975 அக்டோபர் 2-ல் மறைந்தார்.

படித்த பிள்ளை விரும்பினால் தறியிலேயே உட்காரலாம். படிக்காத பிள்ளைக்கு அந்த விருப்பமே கிடையாது.