மண்ணில் மருந்து கண்டவர்

வேலை முடிந்து சாத்தாங்காட்டுக்குத் திரும்புகிறவர், காலில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். அப்படிக் கழுவித் தள்ளும் மண்ணில், காசநோயைத் தீர்க்கும் மருந்து கிடைத்தது!

அதைத் தேடியவர் டாக்டர் செல்மன் வாக்ஸ்மன்.

1888-ம் ஆண்டு, உக்ரைனில் ஒரு சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 22-வது வயதில் அமெரிக்கா சென்றார். உறவினர் பண்ணையில் தங்கி, ரட்கர்ஸ் கல்லூரியில் விவசாயம் படித்தார். பிறகு அங்கேயே பேராசிரியர் ஆனார்.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். பலர் இருமி இருமியே மாண்டனர்.

ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுக்குள் ஓயாத போர். ஒன்றை ஒன்று கொல்லும். அந்தக் கொல்லும் சரக்கையே மருந்தாக்க முடியாதா? 1939 முதல் வாக்ஸ்மனும் மாணவர்களும் இதையே தேடினார்கள்.

1943-ல் பலன் கிடைத்தது. ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர், நிலவறை ஆய்வுக்கூடத்தில் இரவு பகலாக உழைத்து, அந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அது தந்த மருந்துதான் ஸ்ட்ரெப்டோமைசின். 1944-ல் 21 வயதுப் பெண் ஒருவருக்கு அந்த ஊசி போட்டார்கள். அவர் பிழைத்தார்.

1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே கிடைத்தது. அதற்கு முன்பே ஷாட்ஸ் வழக்குத் தொடுத்திருந்தார். கண்டுபிடித்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்று 1950-ல் ஒப்புக்கொள்ளப்பட்டது.

மருந்துக்கும் ஒரு குறை இருந்தது. தனியாகக் கொடுத்தால் கிருமி பழகிவிடும். பிறகு ஊசிக்குச் சாகாது. சிலருக்குக் காதும் மந்தமாகும். ஆகவே வேறு மருந்துடன் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோநயசிட் மாத்திரையும் வாரம் இருமுறை கொடுத்தாலே குணமாகும் என்று 1964-ல் அது உலகுக்குக் காட்டியது.

வாக்ஸ்மன் 1973-ல் காலமானார். இன்று முதலில் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் மண் தந்த மருந்துதான். பிரான்ஸ் நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. செடிகொடிகளிலும் கடல்வாழ் உயிர்களிலும் புது மருந்து தேடுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

மண் மருந்து தந்துவிட்டது. இருமல் நின்றதும் பாதியில் விட்டுவிடாமல், கடைசி மாத்திரை வரை சாப்பிட்டு முடிப்பது நம் கையில்தான் இருக்கிறது.