இரைச்சலினூடே செபித்தவர்



கற்பிட்டிக் கடலில் இயந்திரப் படகோட்டிக் கரை திரும்பும் சிலருக்கு, இயந்திரம் நின்ற பின்னும் காதின் இரைச்சல் ஓய்வதில்லை. செபிக்க அமர்ந்தால் அது இன்னும் பெரிதாய்க் கேட்கும். இத்தகைய துன்பத்தை அறிந்தவரே அவிலா நகர்ப் புனித தெரேசா.

1515இல் ஸ்பெயினில் பிறந்து, கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவர், 1577 ஜூன் 2ஆம் நாள், தம் 62ஆம் வயதில், கீழ்ப்படிதலின் பொருட்டு, செபத்தைப் பற்றிய நூலொன்றை எழுதத் தொடங்கினார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே அவர் தலையில் பேரிரைச்சல். ஆறுகள் பாய்வது போலவும் பறவைகள் கீச்சிடுவது போலவும் கேட்டது. ஆயினும் எழுதும் பணியை அவர் கைவிடவில்லை. நவம்பர் 29இல் நூல் நிறைவுற்றது. ஆன்மாவை ஒரு கோட்டையாகவும், அதன் உள்ளறையில் இறைவன் வீற்றிருப்பதாகவும் அதில் காட்டினார். இரைச்சல் கோட்டைப் புறத்தே நின்றதேயன்றி, அவரது செபத்தைக் கெடுக்கவில்லை. 1582இல் இறைவனடி சேர்ந்த அவரை, 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

பேரொலி, முதுமை, காதில் சேரும் அழுக்கு, சில மருந்துகள் ஆகியன காதிரைச்சலுக்குக் காரணமாகலாம்; மருத்துவரை நாடுவது கடமை. ஆனால், இரைச்சல் ஓய்ந்தபின் செபிப்போம் எனக் காத்திருக்க வேண்டா. உள்ளறையில் இறைவன் இப்பொழுதே காத்திருக்கிறார்.