கழித்தவற்றுள் உறவு கண்ட கலைஞர்

பயன் தீர்ந்ததென்று நாம் வீசியெறியும் பொருள் உண்மையிலேயே பயன் தீர்ந்ததுதானா? முறிந்த கிளையும், உளுத்த வேரும், மூங்கிற் கணுவும் அடுப்பெரிக்க அன்றி வேறெதற்கும் உதவா என்பது உலகோர் துணிபு. அவற்றையே தம் முதுமைக் காலச் செல்வமாகப் போற்றிய கலைஞர் ஒருவர் வங்கத்தில் வாழ்ந்தார். அவரே ஓவியப் பேராசான் அவனீந்திரநாத் தாகூர்.

1871ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் கல்கத்தா ஜோராசாங்கோவில் அவர் பிறந்தார். கவியரசர் இரவீந்திரநாதர் அவருக்குச் சிறிய தந்தை முறையினர். இளமையில் ஐரோப்பிய ஆசிரியர்களிடம் மேலைநாட்டு ஓவிய முறையைக் கற்றார். எனினும் உள்ளம் நிறைவுறவில்லை. அந்நிலையில் கல்கத்தாக் கலைப் பள்ளியின் தலைவராக வந்த ஹாவெல், முகலாய நுண்ணோவியங்களின்பால் அவர் கருத்தைத் திருப்பினார். இந்த ஹாவெல் அதற்கு முன்னர் நம் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக விளங்கியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கல்கத்தாவில் பரவிய பிளேக் நோய்க்கு அவனீந்திரநாதர் தம் இளமகளைப் பறிகொடுத்தார். அத்துயரின் நிழலில், 1902இல், ஷாஜஹானின் இறுதிக் கணங்களை ஓவியமாகத் தீட்டினார். சிறைப்பட்ட மன்னர் தொலைவில் தெரியும் தாஜ்மகாலை நோக்கிக் கிடக்கிறார். காலடியில் மகள் ஜஹானாரா அமர்ந்திருக்கிறார். மகளை இழந்த தந்தை, மகள் அருகிருக்க உயிர் விடும் மன்னரை வரைந்தார் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. டில்லி தர்பாரையொட்டி நடைபெற்ற கண்காட்சியில் அவ்வோவியம் பதக்கம் பெற்றது.

1905 முதல் 1915 வரை கல்கத்தா அரசு கலைப் பள்ளியின் துணை முதல்வராக இருந்து, நந்தலால் போஸ் முதலிய மாணாக்கர்களை உருவாக்கினார். அவரிடம் ஓவியம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைக் கலைப் பள்ளியின் முதல் இந்திய முதல்வரானார். மெரீனாக் கடற்கரையில் நாம் காணும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே.

1930இல் ஆயிரத்தோர் இரவுகள் கதைகளை ஓவிய வரிசையாகத் தீட்டி முடித்தார் அவனீந்திரநாதர். அரபுக் கதைமாந்தரைக் கல்கத்தாத் தெருக்களின் நடுவே உலவவிட்ட அவ்வரிசை, அவர்தம் கலையின் கொடுமுடி எனலாம். அதன்பின் சில ஆண்டுகள் தூரிகை பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. கைகள் மட்டும் ஓயவில்லை. தோட்டத்தில் உதிர்ந்த சுள்ளிகளையும், வேர்த்துண்டுகளையும், கழித்துப்போட்ட மரச்சில்லுகளையும் பொறுக்கலானார்.

சிற்பக் கலையை அவருக்கு எவரும் கற்பித்தாரில்லை. அவர் கையாண்ட முறையும் சிற்பியின் முறையன்று. சிற்பி தன் மனத்திலுள்ள உருவை மரத்தின்மேல் ஏற்றுவான். இவரோ மரத்தினுள் முன்னரே உறங்கும் உருவைத் தேடினார். ஒரு கட்டையைக் கையிலெடுத்துப் பலவாறு திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு கோணத்தில் அது பறவையாகும்; மறு கோணத்தில் விலங்காகும். உரு புலப்பட்டபின் சிறிதே செதுக்குவார். அல்லது இன்னொரு துண்டை இணைப்பார். அவ்வளவே. இயற்கை தொடங்கி வைத்ததை இவர் முடித்து வைத்தார்.

இவ்வுருக்களுக்குக் 'குட்டூம் காட்டாம்' என்று பெயரிட்டார். குட்டூம் என்பது வங்க மொழியில் உறவினரைக் குறிக்கும்; நம் வழக்கிலுள்ள குடும்பம் என்னும் சொல்லோடு தொடர்புடையது. எறிந்த கட்டையையும் உறவாகக் கொண்டாடிய உள்ளத்தை அப்பெயரே காட்டுகிறது. தம் பேரக் குழந்தைகளின் தலைமுறைக்கென அவர் எழுதிய நாடகச் சுவடிகளிலும், செய்தித்தாள் விளம்பரத் துணுக்குகளைக் கத்தரித்து ஒட்டியே படமாக்கினார்.

1941ஆம் ஆண்டு அவருக்குப் பேரிழப்பின் ஆண்டாயிற்று. அவரது எழுபதாம் பிறந்த நாளாகிய ஆகஸ்ட் 7ஆம் நாளன்றே இரவீந்திரநாதர் மறைந்தார். பிறந்து வளர்ந்த ஜோராசாங்கோ இல்லமும் கைவிட்டுப் போக, நகர்ப்புறத்தேயுள்ள பராநகரில் குடியேற நேர்ந்தது. மறு ஆண்டு விசுவபாரதியின் வேந்தர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. வீடு மாறியது, பதவி வந்தது, மரத்துண்டுகளைத் தேடும் பழக்கம் மட்டும் மாறவில்லை. 1951 டிசம்பர் 5ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

முதியவரின் பொழுதுபோக்கு என்று இவ்வுருக்களை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் ஒரு நாட்டுக்கே ஓவியம் கற்பித்த ஆசான், அறுபது வயதுக்குமேல், தாம் கல்லாத ஒரு கலையில் சிறுவனைப்போல் புதிதாகத் தொடங்கினார் என்பது எளிய செய்தியன்று.

மாணவச் செல்வங்களே! மதிப்பெண் குறைந்தமையால் தம்மைத் தாமே கழித்துக்கொள்வார் உங்களுள்ளும் இருக்கக்கூடும். கோணலான கட்டையை அவர் நிமிர்த்த முயன்றாரில்லை. அக்கோணலிலேயே பறவையின் கழுத்தைக் கண்டார். இது உங்களுக்கு மட்டுமன்று, ஆசிரியராகிய எங்களுக்கும் பாடம். வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவரை, ஒதுக்கிவிடுமுன், இன்னொரு முறை திருப்பிப் பார்க்கும் பொறுமை நமக்கு வாய்க்குமாக!