ஆணையைத் திருப்பி அளித்த தளபதி

படை நடத்திப் பகை வென்றோர் பலர். வென்ற பின்னர் வாளைக் கீழே வையாது, அவ்வாளின் துணைகொண்டு தம் நாட்டையே தம் ஆணைக்கு உட்படுத்தியோரும் பலர். ரோமாபுரியின் பொருட்டுப் போர்புரிந்த ஜூலியஸ் சீசர் இறுதியில் அந்நகர்மீதே படையொடு சென்றார். இங்கிலாந்தின் மன்னராட்சியை வீழ்த்திய கிராம்வெல் 1653-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தையே படைவீரர்களைக் கொண்டு கலைத்தார். இவ்வாறன்றித் தம்மிடம் தரப்பட்ட படைத்தலைமையை அடைக்கலப் பொருளாகக் கருதிக் காத்து, காலம் வந்தபோது கொடுத்தவர் கையிலேயே திருப்பி அளித்தவர் ஒருவர் உண்டு. அவரே அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதற் குடியரசுத் தலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டன் ஆவார்.

இளமை

வாஷிங்டன் 1732-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் வர்ஜீனியாவில் பிறந்தார். அந்நாளில் அஃது ஆங்கிலேயருக்கு உட்பட்ட குடியேற்ற நாடாக இருந்தது. பதினொரு வயதில் அவர் தந்தையை இழந்தார். கல்லூரிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் கணக்கினை முயன்று கற்று, நிலம் அளக்கும் தொழிலில் தேர்ச்சி பெற்று, பதினேழாம் வயதிலேயே ஒரு வட்டாரத்தின் நில அளவையாளராக அமர்ந்தார். காடும் மலையும் அளந்து திரிந்த அவ்வாழ்க்கை அவர் உடலுக்கு உரத்தையும் கண்ணுக்குக் கூர்மையையும் நல்கியது.

இருபத்திரண்டு வயதில் வர்ஜீனியப் படையின் ஒரு பகுதியை நடத்திச் சென்று பிரெஞ்சுக்காரருடன் பொருதார். அவசரமாக அமைத்த ஒரு சிறு கோட்டையில், கொட்டும் மழையில், பகைவரால் சூழப்பட்டு, 1754-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் சரணடைய நேர்ந்தது. மறு ஆண்டு பிராடக் என்னும் ஆங்கிலத் தளபதியின்கீழ்ப் போர் செய்தபோது, அவர் ஏறியிருந்த குதிரைகள் இரண்டு சுடப்பட்டு வீழ்ந்தன. அவருடைய மேற்சட்டையை நான்கு குண்டுகள் துளைத்தன. அவரோ காயமின்றித் தப்பினார். தோல்வியும் ஒரு நல்லாசிரியன் என்பதை இளமையிலேயே அவர் உணர்ந்தார்.

தலைமை ஏற்றல்

தம் இசைவின்றி வரி விதித்தல் முறையன்று எனக் கூறிப் பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் ஆங்கில அரசை எதிர்த்தன. 1775-ஆம் ஆண்டு ஏப்ரலில் போர் மூண்டது. பிலடெல்பியா நகரிற் கூடியிருந்த காங்கிரஸ் என்னும் பொதுப் பேரவை, ஜூன் 15-ஆம் நாள் வாஷிங்டனை ஒருமனதாகப் படைத்தலைவராகத் தெரிந்தெடுத்தது. அவர் அப்பொறுப்புக்குத் தாம் தக்கவரல்லர் என அடக்கத்துடன் கூறினார். மாதச் சம்பளத்தை மறுத்தார். செலவுக்கு மட்டும் கணக்கு எழுதிவருவதாகவும், அதனைப் பேரவை தந்தாற் போதும் எனவும் மொழிந்தார். தம்மை ஆக்கியது பேரவை என்பதை அவர் அன்று முதல் ஒருநாளும் மறந்திலர்.

ஜூலை 3-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் என்னும் ஊரில் படைத்தலைமையை ஏற்றார். இருபத்தோர் ஆண்டுகட்கு முன் அவர் சரணடைந்ததும் அதே நாளிலேயே ஆகும். அவர் கண்ட படையோ உழவரும் கைத்தொழிலாளரும் திரண்ட கூட்டம். அவர்கட்கு ஒருசீரான உடையில்லை. தலைவன் யார், வீரன் யார் என்று அறிய அடையாளமும் இல்லை. ஆதலின் உயர்ந்த அதிகாரிகளும் அவர்க்கு அடுத்த நிலையினரும் வெவ்வேறு நிறக் குறிகளைத் தொப்பியில் அணிதல் வேண்டும் என விதித்தார். தாம் மார்பின் குறுக்கே வெளிர்நீலப் பட்டை ஒன்றை அணிந்துகொண்டார். வெடிமருந்தைக் கணக்கிட்டபோது, ஆளுக்கு ஒன்பது முறை சுடுவதற்கே அது போதுமென்பது தெரிந்தது. அச்செய்தியைப் பகைவர் அறியாவண்ணம் காத்து, முற்றுகையைத் தளர்த்தாது நடத்தினார். 1776-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் ஆங்கிலப் படை பாஸ்டன் நகரை விட்டுக் கப்பலேறியது.

துன்பத்திற் கலங்காமை

அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்க விடுதலை அறிவிக்கப்பட்டது. ஆனால் வெற்றி எளிதில் வந்துவிடவில்லை. நியூயார்க்கு நகரம் பகைவர் கைப்பட்டது, படை சிதறியது. வீரர் பலருடைய பணிக்காலம் ஆண்டு முடிவோடு முடிய இருந்தது. அந்நிலையில் டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைச் சுமார் 2,400 வீரருடன் கடந்து, மறுநாட் காலையில் டிரெண்டன் என்னும் ஊரில் தங்கியிருந்த கூலிப்படையைத் தாக்கினார். ஏறத்தாழ 900 பேர் சிறைப்பட்டனர். அணையவிருந்த விளக்கு மீண்டும் சுடர்விட்டது.

1777-ஆம் ஆண்டின் குளிர்காலத்தைப் படை வேலி போர்ஜ் என்னும் இடத்திற் கழித்தது. உண்ண உணவில்லை, காலுக்குச் செருப்பில்லை, போர்த்திக்கொள்ளக் கம்பளி இல்லை. சுமார் 2,000 பேர் நோயால் மாண்டனர். படைத்தலைவர் அவ்விடம் விட்டு அகலாது, பேரவைக்கு ஓலைமேல் ஓலை விடுத்து உணவும் உடையும் வேண்டினார். படையைக்கொண்டு பேரவையை அச்சுறுத்த அவர் எண்ணவே இல்லை. ஸ்டாய்பன் என்னும் ஜெர்மானிய அதிகாரி அங்கே வீரர்கட்கு அணிநடையும் ஆயுதப் பயிற்சியும் கற்பித்தார். குளிர்காலம் கழிந்தபோது கூட்டமாக வந்தவர் படையாக எழுந்தனர்.

பின்னர்ப் பிரெஞ்சு நாடு துணைநின்றது. யார்க்டவுன் என்னும் ஊரில் ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ், நிலத்திலும் கடலிலும் சூழப்பட்டு, 1781-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் சரணடைந்தார். சரணடையும் சடங்கிற்கு அவர் தாமே வரவில்லை. உடல்நலமின்மையைக் காரணங்கூறித் தம் துணைத் தளபதியை அனுப்பினார். அத்துணைத் தளபதி முதலிற் பிரெஞ்சுத் தலைவரை அணுக, அவர் வாஷிங்டனைச் சுட்டினார். வாஷிங்டனோ சினங்கொள்ளாது, துணைவர்க்குத் துணைவரே ஒத்தவர் என்னும் முறைபற்றித் தம் துணைத் தளபதி லிங்கனிடம் அவரை அனுப்பினார். தம் நாட்டின் மதிப்பும் குறையவில்லை; தோற்றோரை இழித்துரைத்த பழியும் நேரவில்லை. இக்காரன்வாலிஸே பின்னாளில் இந்தியாவின் தலைமை ஆளுநராகித் திப்பு சுல்தானுடன் பொருது, 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சேலம், திண்டுக்கல் முதலிய பகுதிகளைக் கும்பினிக்குச் சேர்த்தவர்.

வென்றபின் வந்த சோதனை

போர் ஓய்ந்தது, சோதனை ஓயவில்லை. நெடுநாட் சம்பளம் பெறாத படையதிகாரிகள் நியூபர்க் என்னும் இடத்தில் மனங்கொதித்திருந்தனர். பேரவைக்கு அடங்காது நிற்பதே வழி எனச் சிலர் மறைவாகத் தூண்டினர். 1783-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள் அவர்கள் கூடிய அவைக்கு வாஷிங்டன் எதிர்பாராவகையில் வந்தார். சட்டவழி பிறழலாகாது என எடுத்துரைத்தார். அவ்வுரை அவர்தம் மனத்தை முற்றும் மாற்றியதாகத் தெரியவில்லை. பிறகு ஒரு கடிதத்தைப் படிக்கத் தொடங்கியவர், எழுத்துத் தெரியாமல் தடுமாறி, மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்தார். நாட்டுப் பணியில் தலை நரைத்த தமக்குக் கண்ணும் மங்கிவருவதாகச் சொல்லி, அதனைப் பொறுக்குமாறு வேண்டினார். அவர் கண்ணாடி அணிந்து அவர்களிற் பலர் அதுவரை கண்டதில்லை. உடனிருந்து துன்புற்ற தலைவனின் தளர்ச்சி அவர்கள் நெஞ்சை உருக்கியது. பலர் கண்ணீர் விட்டனர். கலகம் முளையிலேயே கருகியது.

அவ்வாண்டு இறுதியில் ஆங்கிலப் படை நியூயார்க்கை விட்டு நீங்கியது. டிசம்பர் 23-ஆம் நாள் அனாபொலிஸ் நகரில், அங்கு அப்போது கூடியிருந்த பேரவையின்முன் வாஷிங்டன் வந்து நின்றார். பேரவையில் இருந்தோர் ஏறத்தாழ இருபது பேரே. அவர்களிடம் படையுமில்லை, பொருளுமில்லை. எட்டாண்டு போர் நடத்தி வென்றவரோ எதிரே நின்றார். எனினும் அன்றைய சடங்கு முறையை நோக்குமின்! உறுப்பினர் தலையில் தொப்பியுடன் அமர்ந்தே இருந்தனர். தளபதி எழுந்து அவர்களை வணங்கினார். அவர்கள் பதில் வணக்கம் செய்யாது, தொப்பியைச் சிறிதே எடுத்து மீண்டும் அணிந்தனர். படை குடிமக்கள் அவைக்குக் கட்டுப்பட்டது என்பதனை அச்சிறு செயல் அனைவர்க்கும் காட்டியது. உரையைப் படிக்கையில் அவர் கை நடுங்கியது. எட்டாண்டுகட்கு முன் பெற்ற ஆணைப்பத்திரத்தை எடுத்துப் பேரவைத் தலைவரிடம் அளித்துவிட்டு வெளியேறினார். மறுநாள் மாலை மவுண்ட் வெர்னன் என்னும் தம் இல்லத்தை அடைந்தார்.

குடியரசுத் தலைவர்

வாளைத் தந்தவரிடம் நாடு செங்கோலையே தந்தது. 1789-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் நியூயார்க்கில், மக்கள் திரண்டு காண, மாடமுகப்பில் நின்று உறுதிமொழி ஏற்றார். அன்று அவர் அணிந்தது அயல்நாட்டுப் பட்டன்று. உள்நாட்டில் நெய்த பழுப்புநிற ஆடையே. அவருக்கு நீண்ட பட்டப்பெயர் சூட்ட மேலவையிற் சிலர் விரும்பினர். இறுதியில் தலைவர் என்னும் எளிய பெயரே நிலைபெற்றது.

புதிய அரசினை மக்கள் கண்ணாற் காணவேண்டும் எனக் கருதி அவர் அரசுமுறைச் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். 1789-இல் வடகிழக்கு நாடுகளுக்குச் சென்றார். 1791-இல் தென்னாடுகளில் சுமார் 1,900 மைல் பயணம் செய்தார். செல்வர் மாளிகைகளைக் கூடியவரை விலக்கி விடுதிகளிலேயே தங்கினார். ஒருவர் வீட்டில் தங்கினால் மற்றவர் மனம் வருந்தும் என்பதே காரணம். ஆனால் ஊர்க்குள் நுழையுமுன் வண்டியை விட்டு இறங்கி வெண்புரவி ஏறுவார். மக்கள் தம் அரசின் தோற்றத்தைக் கண்டு மகிழ்வர்.

எளிமை வேறு, பதவியின் மதிப்பை விட்டுக்கொடுத்தல் வேறு. பாஸ்டன் நகரில் மாநில ஆளுநர் ஹான்காக் எதிர்கொண்டு வராமல், தலைவரே முதலில் தம்மை வந்து காணவேண்டும் என எதிர்பார்த்தார். வாஷிங்டன் அவர் வீட்டு விருந்துக்குச் செல்லாது விடுதியிலேயே உண்டார். மறுநாள் ஆளுநர், கீல்வாதத்தாற் கட்டிய காலுடன், ஏவலர் தாங்கிவர வந்து கண்டார். இது இருவர்தம் பெருமை பற்றிய பூசல் அன்று. நாடு பெரிதா, மாநிலம் பெரிதா என்னும் வினாவுக்கு அந்நிகழ்ச்சி விடை கூறியது.

இருமுறை தலைவராக இருந்தபின் மூன்றாம் முறை வேண்டா என விலகினார். 1797-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் ஜான் ஆடம்ஸ் பதவியேற்றார். சடங்கு முடிந்து வெளிவருகையில் துணைத்தலைவர் ஜெபர்சன் முதியவருக்கு வழிவிட்டு நின்றார். வாஷிங்டன் அதனை ஏலாது, ஜெபர்சனையே முன்செல்லச் செய்து, தாம் குடிமகனாய்ப் பின்சென்றார். அவர் காட்டிய இரு முறை என்னும் வழக்கம் 1951-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே இடம்பெற்றது.

மாசும் மாண்பும்

சான்றோர் வரலாற்றில் மறுவையும் மறையாது கூறுதல் நேர்மையாகும். விடுதலைக்குப் போர்புரிந்த வாஷிங்டன் தம் நிலங்களில் அடிமைகளைக் கொண்டிருந்தார். தந்தை இறந்தபோது பதினொரு வயதிலேயே பத்து அடிமைகள் அவருக்கு உடைமையாயினர். தலைவராக இருந்த 1796-ஆம் ஆண்டில் ஓனா ஜட்ஜ் என்னும் அடிமைப்பெண் அவர் இல்லத்தினின்று தப்பியோடினாள். அவளை மீட்டுக்கொணர அவர் முயன்றார். அவளோ மீளவே இல்லை. பிறர்மேற் கொண்ட இவ்வாணையையும் விடுதல் வேண்டும் என்னும் எண்ணம் முதுமையில் அவர் நெஞ்சில் முதிர்ந்தது. 1799-ஆம் ஆண்டில் எழுதிய இறுதி முறியில், தமக்கு உரிய 123 அடிமைகளும் தம் மனைவியின் காலத்திற்குப் பின் விடுதலை பெறவேண்டும் எனப் பணித்தார். போர்க்களத்தில் உடனிருந்த வில்லியம் லீ என்பவருக்கு மட்டும் உடனே விடுதலை தந்தார். மனைவி மார்த்தா 1801-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளே ஏனையோரையும் விடுவித்தார். மனைவியின் முன்கணவர் வழிவந்த அடிமைகளை விடுவிக்கச் சட்டம் இடந்தரவில்லை. அவர்கள் அடிமைகளாகவே இருந்தனர். படையின் ஆணையை உடனே திருப்பி அளித்தவர், இவ்வாணையை வாழ்நாள் முழுதும் கைவிடாதிருந்தார் என்பது வருந்தத்தக்கதே.

1799-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் பனியிலும் மழையிலும் குதிரைமேற் சென்று நிலங்களைப் பார்வையிட்டு வந்தார். தொண்டைநோய் கண்டது. 14-ஆம் நாள் இரவில் உயிர் நீத்தார்.

வாஷிங்டன் தோற்ற போர்கள் பல. போர்த்திறத்தில் அவரினும் மிக்கோர் உளர். ஆயினும் ஆணை என்பது ஆள்வோன் உடைமையன்று, மக்கள் தந்த அடைக்கலப் பொருள் என்பதனைச் செய்து காட்டியவர் அவர். மாணவர்களே, உங்கள் வகுப்பின் தலைமை முதல் நாட்டின் தலைமை ஈறாக எப்பொறுப்பு உங்களை நாடி வரினும், அதனை ஏற்கும் நாளிலேயே திருப்பி அளிக்கும் நாளையும் நினைவிற் கொள்ளுங்கள். பெற்றபோது இருந்ததினும் சிறந்த நிலையில் அதனைத் திருப்பி அளிப்பவரே நல்ல தலைவர் ஆவார்.