ஒரு கல் போதாது!

குட்டீஸ், ஏற்காட்டுக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? ஏரியில் படகு சவாரி செய்திருப்பீர்கள். லேடீஸ் சீட்டில் நின்று சேலம் நகரை ரசித்திருப்பீர்கள். அதே ஊரில், ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஓர் அறிஞரின் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

இங்கிலாந்தில் 1834ல் பிறந்த இவர், 1858ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பாறைகளையும் மண் அடுக்குகளையும் ஆராய்வது இவர் வேலை. பிரான்சு நாட்டில் ஆற்றுச் சரளைக்குள் ஆதிமனிதனின் கற்கருவிகள் கிடைத்ததை இவர் படித்திருந்தார். படித்ததோடு நிற்காமல், 'நம் பகுதியிலும் இருக்குமா?' என்ற கேள்வியோடு போகுமிடமெல்லாம் தேடினார்.

1863, மே 30. சென்னையை அடுத்த பல்லாவரத்தில், குழி தோண்டி வெளியே கொட்டிய சரளையில் ஒரு கல் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். மனிதக் கை செதுக்கிய கருவி!

ஆனால், ஒரு கல் போதுமா? அது எந்த மண் அடுக்கிலிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

ஃபூட் தேடலைத் தொடர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்திரம்பாக்கம் போனார். அங்கே பல கருவிகள் கிடைத்தன. மண் அடுக்குக்குள் பதிந்தபடியே இருந்தவையும் உண்டு. அதுதான் வலுவான ஆதாரம். பழைய கற்கால மனிதன் இந்தியாவிலும் வாழ்ந்தான் என்பது உறுதியானது.

ஒவ்வொரு கருவியும் எங்கே கிடைத்தது என்று எழுதி வைப்பது ஃபூட்டின் வழக்கம். ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில் குடியேறினார். சேர்வராயன் மலையில் கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளும் இவர் சேகரிப்பில் உண்டு. அந்தச் சேகரிப்பை 1904ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. 1912, டிசம்பர் 29ல் கொல்கத்தாவில் இவர் மறைந்தார்.

கதை அதோடு முடியவில்லை. இவர் குறித்து வைத்த அத்திரம்பாக்கத்தில், நம் காலத்து ஆய்வாளர்கள் மீண்டும் அகழாய்வு செய்தனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011ல் அறிவித்தனர். இடம் தெரியாமல் போயிருந்தால், அவை வெறும் கற்கள்தானே?

பள்ளியில் புராஜெக்ட் எழுதும்போது இவரை நினைத்துக் கொள்ளுங்கள். முதலில், எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு கேள்வியாக எழுதுங்கள். விவரம் கிடைத்ததும் நூலின் பெயர், பக்க எண்ணைக் குறித்து வையுங்கள். அதே விவரம் வேறொரு நூலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு முடிவை எழுதுங்கள். சரியா, குட்டீஸ்?